நெல் விளைச்சல் ஏன் குறைந்தது: திருகோணமலை வயல்களுக்கான அறிகுறிவழிப் பிழைநீக்கம்

பெரும்போக (மாரி மழைக்கால நெற்போக) அறுவடை முடிந்த கையோடு என்னைத் தேடி வருகின்றவர்களின் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கிண்ணியாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அதை இப்படிக் கேட்டார்: "எல்லாந்தானே செய்தன் தம்பி, பிறகும் ஏன் அறுபது புசலுக்கு மேல வரல்ல?" (ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ நெல்.) எல்லாம் என்று அவர் கூறியதை விசாரித்தபோது, அது விதை, உழவு, களைநாசினி, மூன்று தடவை யூரியா என்பதாக இருந்தது. நான்காவது தடவையும் யூரியா போட்டிருந்தால் சரியாகியிருக்குமா என்பதே அவருடைய உண்மையான ஐயம்.

சரியாகியிருக்காது. ஒரு வயலில் எது மிகவும் குறைவாக இருக்கிறதோ அந்த இடத்தில் விளைச்சல் நின்றுவிடுகிறது. மற்றவற்றை எவ்வளவு கூட்டினாலும் அது அசைவதில்லை. அவருடைய வயலில் குறைவாக இருந்தது யூரியா அல்ல என்பதும், கடல்நீர் ஏறிய ஒரு மூலையும் மேடுபள்ளமான இன்னொரு மூலையுமே அவருடைய புசல்களைத் தின்றன என்பதும் வயலுக்குப் போய்ப் பார்த்தபோது அரை மணி நேரத்தில் தெரிந்தன. தம்பலகாமம், கந்தளாய், மூதூர், கிண்ணியா, குச்சவெளி எனப் பல வட்டைகளில் (வயல்வெளிகளில்) இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததில் எனக்குப் பழகிப்போன ஒழுங்கு கீழே உள்ளது. ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் தேடுங்கள். பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியில் தேடுங்கள். யானை தின்றதற்கும் மயில் கொத்தியதற்கும் இதில் வழி எதுவும் சொல்லப்படவில்லை.

எந்த அறிகுறிக்குச் செல்வது: முதலில் எண்ணுதல்

"விளைச்சல் குறைவு" என்பது அறிகுறியே அல்ல. எது குறைந்தது என்பதை எண்ணினால்தான் அறிகுறி கிடைக்கும். பிளாஸ்ரிக் குழாயினாலோ தடியினாலோ உட்புறம் 50 சென்ரிமீற்றர் நீள அகலமுள்ள ஒரு சட்டத்தைச் செய்துகொள்ளுங்கள். அறுவடைக்குப் பத்து நாட்களுக்கு முன்னர், வரம்போரத்தைத் தவிர்த்து, வயலுக்குள் ஐந்து இடங்களில் அதை வைத்து, உள்ளே அகப்படும் கதிர்களை எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். அதுவே ஒரு சதுர மீற்றரிலுள்ள கதிர்களின் எண்ணிக்கையாகும். பிறகு பத்துக் கதிர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கியதுபோல் தெரிவின்றி எடுத்து, மணிகளை உருவி, நிறைந்தவற்றையும் பதரையும் தனித்தனியே எண்ணுங்கள். நல்ல கதிராகப் பார்த்துப் பார்த்து எடுத்தால் கணக்கு உங்களையே ஏமாற்றும்.

இப்போது கணக்கு எளிது. சதுர மீற்றருக்கு 300 கதிர், கதிருக்கு 100 மணி, அதில் 80 வீதம் நிறைந்தது, ஆயிரம் மணியின் நிறை 25 கிராம் என்றால், சதுர மீற்றருக்கு 600 கிராம் நெல் கிடைக்க வேண்டும். ஏக்கருக்கு அது 2,400 கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரு புசலை 21 கிலோ என்று கொண்டால் ஏறத்தாழ 115 புசல். மற்றவை மாறாதிருக்க, நிறைந்த மணி 60 வீதமாக இறங்கினால் அது 87 புசலாகும். கதிரின் எண்ணிக்கை 200 ஆக இறங்கினால் 77 புசலாகும். சம்பா போன்ற சிறுமணி இனங்களில் ஆயிரம் மணியின் நிறை மிகவும் குறைவாக இருக்குமென்பதால், இந்தக் கணக்கை அவற்றுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

கதிர்கள் 250க்கும் குறைவாக இருந்தால் அறிகுறி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கதிர்கள் போதுமானவையாக இருந்தும் பதர் கால்வாசிக்கு மேல் இருந்தால் நேரே அறிகுறி நான்குக்குச் செல்லலாம். எல்லாம் சரியாக இருந்தும் மூட்டை குறைந்தால் அறிகுறி ஆறைப் பாருங்கள். பயிர் இன்னும் பச்சையாக நிற்கும்போதே சந்தேகம் எழுந்தால் இரண்டும் மூன்றும் உங்களுக்குரியவை.

அறிகுறி ஒன்று: பயிர் ஐதாக நிற்கிறது, கதிர்கள் குறைவு

விதையா? அடுத்த போகத்துக்கு வைத்திருக்கும் அதே விதை மூட்டையிலிருந்து 100 மணிகளை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஐந்தாம் நாள் முளைத்தவற்றை எண்ணுங்கள். 85க்குக் குறைந்தால் பிழையின் ஒரு பகுதியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்தவர்களை நான் மிகக் குறைவாகவே சந்தித்திருக்கிறேன். முளைக்கும் என்ற நம்பிக்கை இல்லாததனாலேயே பலர் ஏக்கருக்கு நான்கு புசல் வரை வீசுகிறார்கள். நல்ல விதையென்றால் ஏறத்தாழ இரண்டு புசல் போதும். அளவுக்கு மீறி வீசிய வயலில் பயிர் நெருங்கி முளைத்து, மட்டம் (தூரிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டு) வெடிக்காமல், ஒல்லியாக உயர்ந்து, சிறிய கதிர்களைத் தரும். ஆகவே ஐதான பயிருக்கு மட்டுமல்லாமல் நெருக்கமான பயிருக்கும் விதைதான் காரணமாக இருக்கலாம்.

நிலம் சமமாக இல்லையா? விதைத்து பத்தாம் நாள் வரம்பில் நின்று பாருங்கள். பள்ளத்தில் நீர் தேங்கிய இடங்களில் விதை அழுகியிருக்கும். மேட்டில் களை முந்தியிருக்கும். ஒரே வரவைக்குள் (வரம்பு சூழ்ந்த ஒரு வயல் துண்டுக்குள்) இரண்டும் இருந்தால், அடுத்த உழவில் மட்டப்பலகை இழுப்பதற்குச் செலவிடும் அரை நாள், களைநாசினிக்குச் செலவிடும் பணத்தைவிடப் பயன் தரும். நீர் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் நிற்காத வயலில் எந்தக் களைநாசினியும் ஒழுங்காக வேலை செய்யாது.

களையா? முதல் 30 முதல் 40 நாட்களில் களை முந்திவிட்டால், பின்னர் எடுத்தாலும் இழந்த மட்டங்கள் திரும்பி வாரா. இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது பன்றி நெல் எனப்படும் களை நெல்லாகும். அது நெல்லைப் போலவே முளைத்து, நெல்லைவிட உயர்ந்து, முற்றுமுன் உதிர்ந்து, நிலத்திலேயே அடுத்த போகத்துக்கான விதையை இட்டுவிடும். நெல்லைக் கொல்லாத களைநாசினி அதையும் பெரும்பாலும் கொல்லாது. உயர்ந்து நிற்கும்போது கையால் பிடுங்குவதும், சொந்த விதையை நிறுத்தி அத்தாட்சிப்படுத்திய விதைக்கு மாறுவதும், முதல் நீரில் முளைக்கவிட்டு உழுது அழித்துவிட்டுப் பின்னர் விதைப்பதுமே வழிகள். வயலின் கால்பங்குக்கு மேல் அது பரவியிருந்தால் தனி ஒருவரால் தீர்க்க முடியாது. கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரை அழைத்து, வட்டை முழுவதற்குமாக ஒரு முடிவெடுக்க வேண்டும்.

அறிகுறி இரண்டு: பயிர் மஞ்சளாகிறது

இதுதான் யூரியா மூட்டையைத் திறக்க வைக்கும் அறிகுறி. ஆனால் மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது என்பதைப் பார்க்காமல் மூட்டையைத் தொடக் கூடாது.

கீழ் இலைகள் நுனியிலிருந்து ஒரே சீராக வெளிறுகின்றனவா? நைதரசன் குறைவு. ஆனால் யூரியா போடாததனால் அல்ல, போட்ட யூரியா பயிருக்குச் சேராததனாலேயே இது எங்கள் பக்கம் அதிகம் நிகழ்கிறது. முழங்கால் அளவு நீரில் வீசியதும், கார்த்திகை மழை கறுத்துக் கட்டியிருந்த மாலையில் வீசியதும் இரவோடு இரவாக வரம்பு கடந்து கீழ்வயலுக்குப் போயிருக்கும். கீழ்வயல்காரர் அந்தப் போகத்தில் மகிழ்ச்சியாக இருப்பார். நீரை மெல்லிய படலமாக வடித்து, யூரியாவை இட்டு, மூன்று நான்கு நாட்களுக்கு வக்கடைகளை (வரம்பிலுள்ள நீர்வழிகளை) அடைத்து வையுங்கள்.

கீழ் இலைகளின் ஓரம் மட்டும் கருகுகிறதா? பொட்டாசியம் குறைவு. வைக்கோலை ஒவ்வொரு போகமும் எரிக்கும் அல்லது விற்றுவிடும் வயல்களில் இதை எதிர்பார்க்கலாம். பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி நெல்மணியில் இல்லை, வைக்கோலிலேயே இருக்கிறது.

பயிர் மஞ்சளாகாமல் கரும்பச்சையாகக் குறுகி, மட்டமின்றி நிற்கிறதா? பொஸ்பரசு குறைவாக இருக்கலாம். மண் பரிசோதனை இன்றி இதை உறுதிசெய்ய வேண்டாம்.

விதைத்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் கீழ் இலைகளில் துருப்பிடித்தது போன்ற கபிலப் புள்ளிகள் தோன்றி, இளம் இலையின் நடு நரம்பு அடியில் வெளிறி, பள்ளமான பகுதியில் மட்டும் பயிர் வளராமல் நிற்கிறதா? நாகச் (சிங்க்) சத்துக் குறைவை முதலில் சந்தேகியுங்கள். எப்போதும் நீர் வடியாத வயல்களிலும் காரத்தன்மை கூடிய மண்ணிலும் இது தோன்றும். பொஸ்பரசுப் பசளையான டிஎஸ்பியை அளவுக்கு மேல் இட்டிருந்தால் இன்னும் மோசமாகும். சில நாட்களுக்கு நீரை முற்றாக வடித்துப் பாருங்கள். பயிர் தானாகத் தெளிந்தால் சந்தேகம் வலுவடைகிறது.

எதுவென்று பிடிபடவில்லையா? நான் எப்போதும் செய்வது ஒரு சிறு பாத்திச் சோதனை. மஞ்சள் சீராக உள்ள இடத்தில் இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் அளவில் தடிகள் நட்டு, சேற்றினால் சிறு வரம்பு கட்டி, நீர் உள்ளேயும் வெளியேயும் செல்லாதபடி அடைத்து, அதற்குள் 50 கிராம் யூரியாவை இடுங்கள். அது ஏக்கருக்கு 50 கிலோ என்ற அளவுக்குச் சமம். பக்கத்தில் இன்னொரு பாத்தி கட்டி, ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் நாக சல்பேற்றைக் கரைத்து இலைகள் நனையத் தெளியுங்கள். ஏழாம் நாளில் யூரியா இட்ட பாத்தி மட்டும் கரும்பச்சையானால் யூரியாவுக்குப் போகலாம். இரண்டாவது மட்டும் தெளிந்தால் நாகம். இரண்டும் சுற்றியுள்ள வயலைப் போலவே மஞ்சளாக நின்றால், மூட்டையை மூடி வைத்துவிட்டு வேரைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இல்லாமல் கறுத்து, அழுகிய முட்டை மணம் வீசினால் நீர் வடியாமையே பிழை. இல்லையென்றால் அறிகுறி மூன்றுக்குச் செல்லுங்கள்.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு, அதைத் தொடர்ந்த 2021/22 பெரும்போகம் தீவு முழுவதும் சரிந்தபோது, நைதரசன் இல்லாத வயல் எப்படி இருக்கும் என்பதை எல்லோரும் கண்ணால் கண்டோம். அதன் பின்னர், மஞ்சள் என்றாலே யூரியா என்ற எண்ணம் முன்பைவிட இறுகிவிட்டது என்பது என் கணிப்பு. அந்தப் போகத்தில் அது உண்மையாக இருந்தது என்பதனால் ஒவ்வொரு போகத்திலும் உண்மையாகிவிடாது.

அறிகுறி மூன்று: வயலில் திட்டுத்திட்டாகப் பயிர் காய்கிறது

வட்டமான திட்டா? குனிந்து தூரின் அடியைக் கையால் தட்டுங்கள். சிறிய கபில நிறப் பூச்சிகள் கொத்தாக நீரில் விழுந்தால் அது கபில நிறத் தத்தி. நடுவில் எரிந்ததுபோல் தொடங்கி வட்டமாகப் பரவும். நெருக்கமாக விதைத்து, யூரியாவை அள்ளி வீசிய வயலே அதற்கு மிகவும் பிடித்த வயலாகும். முதலில் நீரை வடித்து, பயிரை ஒன்றரை இரண்டு மீற்றர் இடைவெளிகளில் விலக்கிக் காற்றும் வெளிச்சமும் அடியில் படச் செய்யுங்கள். கடைக்காரர் கொடுக்கும் ஏதேனும் ஒரு நாசினியை மேலால் தெளித்துவிட்டு வருவது பெரும்பாலும் சிலந்திகளைக் கொன்று தத்தியைப் பெருக்குவதில் முடியும். தெளிப்பதென்றால் எதை, எவ்வளவு என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்தில் கேட்டுவிட்டு, தூரின் அடியில் படும்படி தெளியுங்கள். திட்டுகள் நாளுக்கு நாள் விரிந்தால் காத்திருக்க நேரமில்லை, அன்றே அழையுங்கள்.

ஒழுங்கற்ற திட்டா, அதுவும் கடலை, களப்பை அல்லது தோணாவை (கடலோடு சேரும் ஓடையை) ஒட்டிய பக்கத்திலா? உவர், அதாவது மண்ணில் உப்பு. தம்பலகாமக் குடாவை அண்டிய வயல்களிலும், கிண்ணியா, மூதூர் கரையோரத்திலும், குச்சவெளிப் பக்கத்துச் சில வயல்களிலும் இதை நான் முதல் காரணமாகவே எடுத்துக்கொள்வேன். இலை நுனி வெள்ளையாகச் சுருண்டு காயும்; நீர் வற்றிய இடத்தில் மண்மேல் வெண்படலம் பூக்கும். வெண்படலம் இல்லையென்பதனால் உப்பு இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம். வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு: திட்டிலிருந்து ஒரு சிரட்டை மண்ணும் நல்ல இடத்திலிருந்து ஒரு சிரட்டை மண்ணும் எடுத்து, இரண்டிலும் பத்துப் பத்துப் பயறு ஊன்றி, நல்ல கிணற்றுநீரை அளவாக விடுங்கள். பயறு உப்பைத் தாங்காத பயிர். ஒரு சிரட்டையில் முளைத்து மற்றதில் முளைக்காவிட்டால், அடுத்தபடியாக மின்கடத்துதிறன் அளவியால் அளக்கச் செய்யுங்கள். மண்ணின் அளவு மீற்றருக்கு 3 டெசிசீமன் வரை நெல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமனுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ 12 வீதம் குறையும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 6 என்று வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள், அதை எந்தப் பசளையும் மீட்காது.

தீர்வுகளை மலிவிலிருந்து தொடங்கலாம். பெருமழையின் முதல் நீரை வயலில் நிறுத்தி, உழுது கலக்கி, வடித்து, மீண்டும் நிறுத்துங்கள். வடிவதற்கு வாய்க்கால் இல்லையென்றால் நிறுத்துவதில் பயனில்லை. நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உப்புக்கு மிகவும் மெலிந்தவை என்பதால் அந்த இரு காலத்திலும் வயல் வற்ற விடாதீர்கள். இனத்தை மாற்றுவதென்றால் ஏ.டி. 354, பி.ஜி. 369 ஆகியவை உவர் தாங்கும் இனங்களாக வெளியிடப்பட்டவை. கடல்நீர் வரம்பைத் தாண்டியே உள்ளே வருகிறதென்றால், அது உங்கள் மண்வெட்டிக்குரிய வேலையல்ல. உவர்நீர்த் தடுப்பணையும் கதவும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் பார்க்க வேண்டியவை. விவசாய அமைப்பின் ஊடாக எழுத்தில் கேட்பதே வழி.

வாய்க்காலின் வால்பகுதியிலுள்ள வயல்களில் மட்டும் காய்கிறதா? அப்படியானால் மண்ணைக் குற்றம் சொல்ல வேண்டாம். கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களை அடையும்போது நீண்ட தூரம் கடந்து வந்திருக்கிறது. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்த நீர் முறை உங்கள் மதகில் உண்மையில் எத்தனை மணி நேரம் வந்தது என்பதை இரண்டு தவணைக்கு எழுதி வைத்துக்கொண்டு நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையிடம் பேசுங்கள். குறிப்பேடு இல்லாமல் பேசினால் அது சண்டையாகவே முடியும்.

அறிகுறி நான்கு: பயிர் செழிப்பு, கதிரில் பதர்

மனதை அதிகம் நோகச் செய்யும் பிழை இதுதான், ஏனெனில் குடலைப் பருவம் (கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும் பருவம்) வரை எல்லாம் அழகாக இருந்திருக்கும். இதைக் கதிரைக் கையில் எடுத்துத்தான் பிரிக்க வேண்டும்.

முழுக் கதிரும் வெள்ளையாக, நிமிர்ந்து நிற்கிறதா? மெல்ல இழுங்கள். எளிதாகக் கழன்று வந்து, அடியில் கடித்த தடமோ துளையோ இருந்தால் தண்டு துளைப்பான். வெண்கதிர் தோன்றிய பின்னர் மருந்து தெளிப்பது பணத்தை நீரில் கரைப்பதாகும். எத்தனை வீதம் என்று எண்ணி எழுதிவைத்து, அறுவடையின் பின் தாளடியை (வயலில் எஞ்சிய அடித்தாளை) உழுது புதைத்து, அடுத்த போகத்தில் வட்டை முழுவதும் ஒரே காலத்தில் விதைக்க முயலுங்கள்.

கதிர் கழன்று வராமல், கழுத்துக் கணு கறுத்து முறிந்து தொங்குகிறதா? எரிபந்தம். இரவில் பனியும் பகலில் மூட்டமும் நிலவும் பெரும்போகத்தின் பிற்பகுதியில் இது கழுத்தைப் பிடிக்கும். கூடுதல் யூரியா இதற்குக் கதவைத் திறந்துவிடும். பங்கசுநாசினி கதிர் வெளிவரத் தொடங்கும் வேளையில்தான் பயன்படும். இலையில் கண் வடிவப் புள்ளிகளை முன்னரே கண்டிருந்தால், கதிர் பறியும் (வெளிவரும்) வரை காத்திராமல் விவசாயப் போதனாசிரியரை அழையுங்கள். நான் பார்த்த பெரிய இழப்புகள் பலவற்றில் அந்த அழைப்பு ஒரு வாரம் பிந்தியே போயிருந்தது.

கதிர் பச்சையாகவே இருக்க, மணிகள் இடையிடையே சப்பியாகி, உமியில் கபிலப் புள்ளி இருக்கிறதா? நெல் மூட்டுப்பூச்சி. காலையில் வயலுக்குள் இறங்கினால் மூக்குக்கே தெரியும். வரம்போரப் புற்களைப் பூக்கும் முன்னர் வெட்டுவதே முதல் வேலை. பால் பருவம் கடந்துவிட்டால் அதன் பின் தெளிப்பதால் பயனில்லை.

இவை எதுவும் இல்லாமல், உமி வெளிறி, உள்ளே ஒன்றுமே இல்லாமல், பெரும்பாலும் கதிரின் மேற்பகுதியில் பதர் நிறைந்திருக்கிறதா? அப்படியானால் பூச்சியையும் நோயையும் விட்டுவிட்டு நாட்காட்டியை எடுங்கள். அறுவடை நாளிலிருந்து 30 நாட்கள் பின்னே எண்ணினால் ஏறத்தாழப் பூத்த நாட்கள் கிடைக்கும். நெல் முற்பகலில் சில மணி நேரமே பூவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் சேராமல் மணி மலடாகிறது. சிறுபோகத்தில் (கோடைப் போகத்தில்), மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்று வெப்பத்தோடு வறட்சியையும் சேர்த்துக் கொண்டுவருகிறது; அந்த நாட்களில் உங்கள் மதகு அடைபட்டும் இருந்திருந்தால் பதருக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. பெரும்போகத்தில் இதற்கு நேர்மாறாக, கார்த்திகை மார்கழியின் அடைமழையில் பூத்த வயல் மகரந்தம் நனைந்தும் வெயில் காணாமலும் பதராகும். முதல் மழைக்கே விதைத்த மூன்று மாத இனம் இதில் அகப்படுவதைக் கண்டிருக்கிறேன்.

கச்சானிலிருந்து முற்றாகத் தப்ப முடியாது. இழப்பைக் குறைக்கலாம். நீர் வெளியிடும் திகதியிலிருந்து முன்னோக்கி அல்ல, பூக்க வேண்டிய திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி இனத்தைத் தெரிவு செய்யுங்கள்: மூன்றரை மாத இனம் விதைத்து ஏறத்தாழ 75 நாட்களிலும், மூன்று மாத இனம் ஏறத்தாழ 60 நாட்களிலும் கதிர் பறியும். பூக்கும் இரண்டு வாரமும் வயலில் நீர் நிற்க வேண்டும். முழுப் போகத்திலும் ஒரு தவணை நீரை விட்டுக்கொடுக்க நேர்ந்தால், மட்டம் வெடித்து முடிந்த நாட்களில் விட்டுக்கொடுங்கள், இந்த இரண்டு வாரத்தில் வேண்டாம்.

அறிகுறி ஐந்து: கதிர் முற்றுமுன் பயிர் சாய்கிறது

கூடுதல் யூரியா, கூடுதல் விதை, ஆழமான நீர் என்ற வரிசையில் தேடுங்கள். பத்தில் ஒன்பது வயல்களில் முதல் இரண்டோடு தேடல் முடிந்துவிடும். சாய்ந்த பயிருக்கு நீரை வடித்து விரைவில் அறுப்பதைத் தவிர மருத்துவம் இல்லை. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த பயிர் இதிலிருந்து வேறுபட்டது: சேறு படிந்த இலைகள்மேல் உடனே யூரியாவை வீசாமல், புதிய இலை ஒன்று வெளிவரும் வரை காத்திருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் முற்றாக மூழ்கியிருந்தால், பெரும்பாலான இனங்கள் பிழைப்பதில்லை. பயிர்க் காப்புறுதிக்கு அழிவைப் பதிவு செய்யும் வேலையை, வயலை மீண்டும் உழுமுன் செய்துகொள்ள வேண்டும்.

அறிகுறி ஆறு: வயலில் இருந்தது மூட்டையில் இல்லை

எண்ணிப் பார்த்தபோது 100 புசல் என்றும் தராசில் 80 என்றும் வந்தால், பிழை மண்ணில் அல்ல. இயந்திரம் வெட்டிச் சென்ற தடத்தில் வைக்கோலை விலக்கி, அதே 50 சென்ரிமீற்றர் சட்டத்தை நிலத்தில் வைத்து, உதிர்ந்த மணிகளை எண்ணுங்கள். சட்டத்துக்குள் 100 நல்ல மணிகள் கிடந்தால், சதுர மீற்றருக்கு 400. அது 10 கிராம். ஏக்கருக்கு 40 கிலோ, அதாவது இரண்டு புசல். 500 மணி கிடந்தால் பத்துப் புசல் நிலத்தில் கிடக்கிறது. முதல் வரிசை வெட்டியவுடனேயே இதைப் பார்த்து, வேகத்தைக் குறைக்கும்படியும் காற்றைச் சரிசெய்யும்படியும் ஓட்டுநரிடம் கேட்க வேண்டும். முழு வயலும் வெட்டி முடிந்தபின் எண்ணுவது துக்கம் விசாரிப்பதற்குச் சமம். நெல் அளவுக்கு மேல் முற்றி உதிர்ந்திருந்தால் இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது.

எஞ்சிய வேறுபாட்டில் ஈரப்பதனுக்கும் பங்குண்டு. 22 வீத ஈரத்தில் தராசில் 100 கிலோவாக நின்ற நெல், 14 வீதத்துக்குக் காயும்போது ஏறத்தாழ 91 கிலோவாகும். அயல்வயல்காரர் பச்சையாக விற்றதையும் நீங்கள் காயவைத்து விற்றதையும் ஒப்பிட்டு மனம் வருந்த வேண்டாம்.

அறிகுறி ஏழு: அதே பசளை, அதே இனம், ஆண்டுக்காண்டு இறங்குகிறது

இந்த அறிகுறியை உறுதிசெய்யக் குறைந்தது நான்கு போகங்களின் கணக்கு வேண்டும். ஒரு கெட்ட பெரும்போகம் சரிவாகாது. கணக்கு இருந்தால் முதலில் வைக்கோலைப் பாருங்கள். எரித்தால் நைதரசனும் சேதனப் பொருளும் புகையாகின்றன. விற்றால் பொட்டாசியம் லொறியேறிப் போகிறது. இரண்டு போகத்துக்கு வைக்கோலை வயலிலேயே பரப்பி, விதைப்புக்கு முன் போதிய நாட்கள் மக்கவிட்டு உழுது பாருங்கள். அதன்பின் உழவின் ஆழத்தைப் பாருங்கள்: ஒரு கம்பியை மண்ணில் குத்தினால் ஒரு சாண் ஆழத்துக்குள் எல்லா இடத்திலும் முட்டினால், வேர் அதற்குக் கீழே போவதில்லை. பழைய விதைக்குப் பதிலாகப் புதிய விதை மாற்றி எத்தனை போகமாயிற்று என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மண் பரிசோதனைக்குச் செலவிட வேண்டிய கட்டம் இதுவே. முன்னதாகச் செலவிட்டால் பெரும்பாலும் வீண். அறுவடைக்கும் நிலப்பண்படுத்தலுக்கும் இடைப்பட்ட நாட்களில், வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில், மேலே கிடக்கும் குப்பையை நீக்கி, 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழம் வரை மண் எடுத்து, ஒரு சுத்தமான வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவை நிழலில் உலர்த்துங்கள். வரம்போரம், வைக்கோல் எரித்த இடம், பசளை மூட்டை வைத்த இடம், மாடு கட்டிய இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பசளைச் சாக்கில் மண்ணைக் கொண்டுபோனால் உங்கள் வயலின் அளவு அல்ல, அந்தச் சாக்கின் அளவுதான் அறிக்கையில் வரும். உவரென்று சந்தேகித்த திட்டின் மண்ணைத் தனிப் பையில் கட்டி, எந்த வரவையின் எந்த மூலை என்று பென்சிலால் எழுதிய துண்டைப் பைக்குள்ளேயே போட்டு, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். கடந்த நான்கு போகங்களில் என்ன போட்டீர்கள், எத்தனை புசல் எடுத்தீர்கள் என்ற தாளையும் அதோடு சேர்த்துக் கொடுத்தால்தான் அவர் அறிக்கையை வாசித்து உங்களுக்கென்று ஓர் அளவைச் சொல்ல முடியும்.